பட்டியலுக்கு முன் படம்

சர்க்கார் இலாகாக்களில் கணிப்பொறி புகுந்த நாள்முதல் பழைய பதிவேடுகளை அதற்குள் மாற்றும் வேலை ஓயாது நடைபெற்று வருகிறது. பெரும்பாலும் கையாளப்படும் முறை எளிது. பதிவேட்டில் எத்தனை பத்திகள் உள்ளனவோ, அத்தனை பத்திகள் கொண்ட அட்டவணை ஒன்று பொறியில் அமைக்கப்படுகிறது. எழுத்தர்கள் விவரங்களைப் பதிந்துகொண்டே போகின்றனர். காகிதத்தில் இருந்த குறைகள் யாவும் அவ்வாறே பொறிக்குள் குடியேறிவிடுகின்றன. காகிதத்திலாவது ஓரத்தில் பென்சிலால் ஒரு குறிப்பெழுத இடமிருந்தது. பொறியில் அந்த ஓரமும் இல்லை.

இதற்கு மாறான வழி ஒன்று அரை நூற்றாண்டுக்கு முன்பே வகுக்கப்பட்டது. தைவானில் பிறந்தவரும், அந்நாளில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பணியாற்றியவருமான பீட்டர் சென் என்ற அறிஞர், 1976 மார்ச்சில் வெளியிட்ட கட்டுரையில் அதனை விளக்கினார். அதற்கு ஆறாண்டுகள் முன்னர், 1970-இல், ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த காட் என்பவர் தரவுகளை அட்டவணைகளாக ஒழுங்குபடுத்தும் கணித முறையைத் தந்திருந்தார். அட்டவணை எவ்வாறு இருக்கவேண்டும் என்பதைக் காட் கூறினார். உலகில் உள்ள எவை எவை அட்டவணைக்கு உரியவை என்பதை முதலில் தீர்மானிக்கவேண்டும் என்றார் சென்.

அவர் முறை இதுதான். நாம் விவரம் திரட்ட விரும்பும் பொருள்களை, அதாவது ஆங்கிலத்தில் ‘எண்டிட்டி’ எனப்படுபவற்றை, நீள்சதுரக் கட்டங்களாக வரைய வேண்டும். இவற்றை உருப்பொருள்கள் எனலாம். இரண்டு உருப்பொருள்களுக்கு இடையே உள்ள தொடர்பு ஒரு சாய்சதுரம். உருப்பொருளின் பண்புகள் நீள்வட்டங்கள். பின்னர் ஒவ்வொரு தொடர்பின் இருமுனையிலும் ஓர் எண்ணளவு எழுதப்படும்: இப்பக்கத்தில் ஒன்றா, பலவா? அப்பக்கத்தில் ஒன்றா, பலவா? இவ்வளவே. பள்ளிச் சிறுவனும் கற்கக்கூடிய இந்த வரைபடத்தில், ‘ஒன்று’ என்றோ ‘பல’ என்றோ எழுதும் இடத்தில்தான் மனிதர் வாழ்க்கை பற்றிய தீர்ப்பு ஒன்று வழங்கப்படுகிறது. அதனைப் பொறியாளர் மட்டும் தனித்திருந்து வழங்கலாகாது என்பதே இங்கு வலியுறுத்தப்படுவது.

ரேஷன் அட்டையை எடுத்துக்கொள்வோம். நெடுங்காலமாக ஓர் அட்டைக்கு ஒரு கடை என்பதே நியதி. ஒரு கடைக்குப் பல அட்டைகள். காகித உலகில் இதனைக் குறைகூற இயலாது. பதிவேடு ஒரு கடையில்தான் இருக்க முடியும்; ஒருவரே இரண்டிடத்தில் வாங்காமல் தடுக்கவும், கடைக்கு எத்தனை மூட்டை அனுப்புவது என்று கிடங்கு கணக்கிடவும் அந்த ஒற்றைப் பிணைப்பு தேவையாயிற்று. ஆனால் கணிப்பொறி வந்த பின்னரும் கடையின் எண்ணை அட்டையின் ஒரு பண்பாகவே, அட்டைதாரரின் பிறந்த தேதியைப்போல, எழுதிவைத்தால் நேர்வது என்ன? பீகாரின் சிற்றூரிலிருந்து சூரத்தின் நெசவாலைக்குப் போகும் தொழிலாளி சட்டப்படி உரிமையுள்ளவர், அரிசி இருக்கிறது, கடையும் திறந்திருக்கிறது. அவர் அங்கே வாங்கினார் என்று எழுதுவதற்கு மட்டும் இடமில்லை.

இங்கு இலக்கணத்தை நினைவுகூர்வது பொருந்தும். பொதுப்பெயர்கள் உருப்பொருள்களாகும் என்றும், செயப்படுபொருள் கொள்ளும் வினைகள் தொடர்புகளாகும் என்றும் சென்னே பிற்காலத்தில் ஆங்கில வாக்கியங்களைக்கொண்டு விளக்கியுள்ளார். தமிழில் இது இன்னும் தெளிவாக விளங்குகிறது. ஆறாம் வேற்றுமை உடைமைப் பொருளில் வந்து, பெயரைக்கொண்டே முடிவது, வினையை வேண்டாதது. ‘அட்டையினது கடை’ என்று எழுதியவர், நிகழ்ச்சி ஒன்றை உடைமையாக்கிவிட்டார். ‘அட்டைதாரர் கடையில் தானியம் பெறுகிறார்’ என்று எழுதியிருந்தால் ‘பெறுதல்’ என்ற வினை தனியே நின்றிருக்கும். அதற்குத் தேதி, இடம், அளவு ஆகியவை தாமாகவே வந்து சேர்ந்திருக்கும்.

பின்னர் நடந்ததும் அதுவே. 2012-இல் சத்தீஸ்கரின் ராய்ப்பூரில், அட்டைதாரர் தாம் விரும்பிய கடையில் வாங்கும் ஏற்பாடு தொடங்கிற்று. 2019 ஆகஸ்டில் ஆந்திரப் பிரதேசத்திற்கும் தெலங்கானாவிற்கும் இடையிலும், குஜராத்திற்கும் மகாராஷ்டிரத்திற்கும் இடையிலும் ‘ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டை’ என்னும் திட்டம் நடைமுறைக்கு வந்தது. 2022 ஜூனில் அஸ்ஸாம் சேர்ந்ததும் மாநிலங்கள், யூனியன் பிரதேசங்கள் யாவும் அதற்குள் வந்துவிட்டன. வெளியூர் சென்றவர் தம் பங்கை அங்கே பெறலாம். ஊரில் உள்ள குடும்பத்தார் எஞ்சியதை இங்கே பெறலாம். படத்தின் மொழியில் கூறின், ஒரு முனையில் இருந்த ‘ஒன்று’ அழிக்கப்பட்டு ‘பல’ என்று எழுதப்பட்டது. அந்த ஒரு சொல்லைத் திருத்த விற்பனைப் பொறிகள், தொலைத்தொடர்பு, ஆதார் இணைப்பு, கிடங்குக் கணக்கு அனைத்தையும் மாற்றவேண்டியிருந்தது.

பண்பு எந்த உருப்பொருளுக்கு உரியது என்பதும் இதற்குக் குறைந்த வினாவன்று. 2013-ஆம் ஆண்டு தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி முன்னுரிமைக் குடும்பங்களில் நபர் ஒருவருக்கு மாதம் 5 கிலோ தானியம். அந்தியோதயா குடும்பங்களுக்கோ குடும்பம் ஒன்றுக்கு 35 கிலோ. முன்னதில் அளவு மனிதரைச் சார்ந்தது; பின்னதில் குடும்பத்தைச் சார்ந்தது. இரண்டையும் ‘அட்டையின் அளவு’ என்ற ஒரே பத்தியில் எண்ணாக எழுதிவைப்பது எளிதுதான். ஆயினும் முன்னுரிமைக் குடும்பத்தில் ஒரு குழந்தை பிறந்து அதன் பெயர் பதிவாகும்போது, அந்த எண்ணையும் யாரேனும் நினைவாகத் திருத்த வேண்டும். உறுப்பினர் தொடர்பை எண்ணி அளவு கணக்கிடப்படுமானால், பெயர் சேர்ந்த கணமே 5 கிலோ கூடும்.

குடும்பத் தலைவர் என்னும் பத்தியும் இத்தகையதே. அதே சட்டத்தின் 13-ஆம் பிரிவு, 18 வயது நிறைந்த பெண்களில் மூத்தவரையே அட்டையின் பொருட்டுக் குடும்பத் தலைவியாகக் கொள்கிறது. அத்தகைய பெண் இல்லாமல் சிறுமி மட்டும் இருப்பின் மூத்த ஆண் தலைவராவார். சிறுமி 18 வயது எய்தியதும் அவர் இடத்திற்கு அவளே வருவாள். சட்டத்தை எழுதியவர்கள் தலைமையை ஒரு பெயராக எண்ணாமல், காலத்தோடு மாறும் தொடர்பாகவே எண்ணியிருக்கின்றனர். வெறும் பெயரை ஏற்கும் பத்தி ஒன்றை அமைப்பவர், சட்டத்தைவிடக் குறைவாகவே எண்ணியவராகிறார்.

படம் வரைவதில் காலம் வீணாகிறது, பின்னர் திருத்திக்கொள்ளலாமே என்பார் உண்டு. பத்துப்பேர் பெயருள்ள பட்டியலாயின் அவ்வாறே செய்யலாம். மேற்கண்ட சட்டமோ 81 கோடிக்கும் மேற்பட்டவர்களை உள்ளடக்க இடமளிப்பது. வேறு சிலர், பெரிய அமைப்புகளின் படம் நூற்றுக்கணக்கான கட்டங்களாகப் பெருகி யாரும் படிக்காத சுவர்ச்சித்திரமாகிவிடுகிறது என்பர். இது உண்மையான குறை. முதல் தாளில் பத்துப் பன்னிரண்டு கட்டங்களுக்கு மேல் வரையாதிருப்பதே அதற்கு மருந்து. நுணுக்கங்களைப் பின்வரும் தாள்களுக்கு விட்டுவிடலாம்.

அந்த முதல் தாள் வட்டார மொழியில் இருக்கவேண்டும். இப்பணியில் இன்று பெரிதும் புறக்கணிக்கப்படுவது இதுவே. கட்டங்களுக்குள் ஆங்கிலச் சுருக்கெழுத்துகள் நிறைந்திருப்பின், நியாய விலைக் கடைக்காரரும் வட்ட வழங்கல் அலுவலகத்துக் குமாஸ்தாவும் மரியாதைக்காகத் தலையசைத்துவிட்டுப் போவார்கள். ‘அட்டை’, ‘கடை’, ‘உறுப்பினர்’, ‘பெறுகிறார்’ என்று எழுதியிருப்பின் கடைக்காரர் ஒரு கட்டத்தின்மேல் விரலை வைத்து, இங்கே ஒன்று என்று போட்டிருக்கிறீர்களே, கட்டட வேலைக்குப் போனவன் என்ன செய்வான் என்று கேட்பார். இக்கேள்வி படம் வரையும் நாளில் எழுமானால், ஓர் எழுத்தை ரப்பரால் அழித்தால் போதும்.

அவ்வாறான கூட்டத்தில் கேட்கவேண்டிய கேள்வி வேறொன்றும் உண்டு. மணமாகிச் செல்லும் பெண்ணின் பெயர் பிறந்த வீட்டு அட்டையிலிருந்து நீக்கப்பட்டு, பின்னரே புகுந்த வீட்டு அட்டையில் சேர்க்கப்படுகிறது. ஒரு மனிதருக்கு எத்தனை அட்டைகள் வரை இருக்கலாம் என்று கேட்பவர்கள் ‘ஒன்று’ என்று உடனே எழுதிவிடுகிறார்கள். குறைந்தது எத்தனை என்று கேட்பதில்லை. கேட்காதபோது அங்கே சுழி என்று பொருள். பழைய தொடர்பின் முடிவுத் தேதியும் புதிய தொடர்பின் தொடக்கத் தேதியும் ஒரே நிகழ்ச்சியாகப் பதியப்படின் அச்சுழிக்கு இடமில்லை. தனித்தனி விண்ணப்பங்களாயின், இரண்டுக்கும் இடையே அப்பெண் எந்த அட்டையிலும் இரார். அவ்விடைவெளி ஒரு மாதமாயின் முன்னுரிமைக் குடும்பத்திற்கு இழப்பு 5 கிலோ. ஆறு மாதமாயின் 30 கிலோ.