ஆடுகளத்து ஆசிரியர்

கல்லூரியில் விளையாட்டுப் பயிற்றுவோரை ஆசிரியராகக் கொள்வதா, வெற்றி தேடித் தரும் பொருட்டுக் கூலிக்கு அமர்த்தியவராகக் கொள்வதா என்னும் வினாவிற்கு, ஆமோஸ் அலான்சோ ஸ்டாக் என்னும் அமெரிக்கரின் வாழ்க்கை தக்க விடை பகரும் என்பது நம் துணிபு.

1862-இல் நியூ ஜெர்சி மாகாணத்தில் எளிய குடும்பத்திற் பிறந்த இவர், குருத்துவப் பணியை நாடி யேல் சர்வகலாசாலையிற் பயின்றார். ஆங்கு இவர் ஆடிய பந்தாட்டம் நாம் காலால் உதைத்தாடுவதன்று. முட்டை வடிவான பந்தைக் கையிலேந்தி, எதிரணியை முட்டி முன்னேறுவது. அதில் 1889-இல் நாட்டின் தலைசிறந்த பதினொருவருள் ஒருவராகத் தெரிந்தெடுக்கப்பெற்றார். பொருள் தர முன்வந்த பேஸ்பால் சங்கத்தாரின் அழைப்பை மறுத்தார். பிரசங்கம் செய்தல் தமக்கு இயல்பன்று எனக் கண்டபின், ஆடுகளத்தையே தம் ஊழியக் களமாகக் கொண்டார்.

1892-இல் சிகாகோ சர்வகலாசாலைத் தலைவர் வில்லியம் ரெயினி ஹார்ப்பர், இவரைத் துணைப் பேராசிரியராக அமர்த்தி, உடற்பயிற்சித் துறையை ஒப்புவித்தார். இச்செயலையே நாம் பெரிதும் போற்றுகின்றோம். ஆசிரியர் என்னும் நிலை பெற்றவர் ஓர் ஆண்டின் தோல்விக்கு அஞ்சி நெறி பிறழ வேண்டுவதில்லை. மாணவர்தம் ஒழுக்கத்தைப் பேணுதற்கு அவர்க்குக் காலமும் துணிவும் உண்டு. ஸ்டாக் 1932 வரை, நாற்பத்தோர் ஆண்டு, அங்குப் பயிற்றினார்.

விளையாட்டு கல்விக்கு இடையூறு என்பாரும் உளர். அதே சிகாகோவில், தலைவர் ராபர்ட் ஹட்சின்ஸ் காலத்தில், 1939-இல் இவ்வாட்டம் நிறுத்தப்பட்டது. பின்னர் 1969-இல் மீண்டும் தொடங்கிற்று. அவர் கூற்றில் உண்மை இல்லாமலில்லை. ஸ்டாக் காலத்திலேயே பார்வையாளர் திரளும் நுழைவுச்சீட்டு வருவாயும் பெருகின. அவரும் அவற்றை வெறுத்தாரல்லர். எனினும், களை மண்டிற்றென்று கழனியையே தரிசாக விடுவார் உண்டோ? நீக்கற்பாலது வாணிகமேயன்றி விளையாட்டன்று.

எழுபது வயது நிரம்பியதும் சிகாகோ இவர்க்கு ஓய்வளித்தது. இவரோ கலிபோர்னியாவிலுள்ள பசிபிக் கல்லூரிக்குச் சென்று, 1933 முதல் 1946 வரை பயிற்றினார். 1943-இல், எண்பத்தோராம் வயதில், அவ்வாண்டின் சிறந்த பயிற்சியாளர் எனத் தம் துறையினராலேயே தேர்ந்தெடுக்கப்பெற்றார். 1965-இல், நூற்றிரண்டாம் வயதில், காலமானார். கூலிக்கு மட்டும் உழைப்பவர் இங்ஙனம் முதுமையிலும் களத்தை நாடுவரோ?

ஆகவே, பயிற்றுவோர்க்கு ஆசிரியர் வரிசையில் இடமளித்தல் கல்லூரிகளின் கடன். வென்ற கோப்பைகளை எண்ணுமுன், தோற்ற நாளில் தம் மாணவர் எங்ஙனம் ஒழுகினர் என்று வினவுதலும் அவற்றின் கடனாம். மாணவராகிய நாமும் அவ்வினாவிற்கு நாணாது விடையிறுக்கத்தக்கவராய் ஆடுவோமாக.