பொய்யுரைக்கும் முள்

மோட்டார் வண்டியின் யந்திரத்தை வியந்து பேசுவோர் பலர். பெட்ரோல் தொட்டிக்குள் மறைந்து கிடக்கும் மிதவையைப் பற்றிச் சிந்திப்போர் மிகச் சிலரே. அம்மிதவையும், அதைத் தாங்கும் கம்பியும், மின்தடைச் சுருளும் சேர்ந்த கருவியையே பட்டறைக்காரர் ‘டேங்க் யூனிட்’ என்பர். அதனைப் பொருத்துதல் சில்லறை வேலையென எண்ணப்படுகிறது. அவ்வெண்ணம் தவறென்பதே என் துணிபு.

சென்ற ஆண்டு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேரைத் தரிசித்து, இரவில் முதிய பாட்டியாரோடும் குழந்தைகளோடும் இராஜபாளையம் திரும்பினோம். வழியோ ஏழெட்டு மைலே. மானியின் முள் அரைத்தொட்டி காட்டிற்று. வண்டியோ பாதி வழியில் இருளில் நின்றது. தொட்டியில் துளியும் இல்லை! முந்திய வாரம் ஒரு பட்டறையில் புது யூனிட் பொருத்தும்போது கம்பி வளைந்து, மிதவை தொட்டிச் சுவரில் சிக்கியிருந்ததைப் பின்னரே அறிந்தோம். லாரிகள் உரசிச் சென்றன. அதனினும் பெரிய அபாயம், உதவிக்கு வந்த அன்பரொருவர் புகையும் பீடியோடு தொட்டியின் வாயை எட்டிப் பார்த்ததே.

காலித் தொட்டிக்கு அஞ்சுவானேன் என்பீராயின், கேண்மின். காற்றில் பெட்ரோல் ஆவி நூற்றுக்கு ஏறக்குறைய 1.4 முதல் 7.6 பங்கு கலந்திருப்பின், ஒரு பொறியே அதனை வெடிக்கச் செய்யும். நிறைந்த தொட்டியில் ஆவிக்கு இடமில்லை. வறண்ட தொட்டியிலோ ஆவியும் காற்றும் கலந்து நிற்கும்.

1908 முதல் 1927 வரை வெளிவந்த போர்டு ‘டி’ வண்டிகள் பலவற்றில், ஆசனத்தைத் தூக்கித் தொட்டிக்குள் குச்சி விட்டே அளவறிந்தனர். முள் இல்லாதவன் குச்சியை நம்பினான். பொய் முள் உடையவனோ குச்சியையும் மறந்து கெடுகிறான்.

ஆதலின் செய்யத்தக்கது யாது? முதலாவது, யூனிட் மானிக்கு ஏற்றதாயிருத்தல் வேண்டும். ஒருவகை யூனிட்டில் தொட்டி நிறைய நிறையத் தடை 240 ஓமிலிருந்து 33-க்கு இறங்கும். வேறொரு வகையில் 10-லிருந்து 180-க்கு ஏறும். மாற்றிப் பொருத்தின் நிறைவு வறுமையாய்த் தோன்றும். இரண்டாவது, தொட்டியைத் திறக்குமுன்னரே புதிய யூனிட்டை வெளியில் கம்பிகளோடு இணைத்து, மிதவையைக் கையால் உயர்த்தியும் தாழ்த்தியும் முள்ளின் நடையைக் காணல் வேண்டும். மூன்றாவது, பாட்டரியின் இணைப்பைக் கழற்றி, காற்றோட்டமான இடத்தில், மூடியைச் சூழ்ந்த புழுதியைத் துடைத்த பின்னரே திறத்தல் வேண்டும். கம்பி வளையாவண்ணம் சாய்த்து இறக்கி, பழைய கேஸ்கெட்டை நீக்கிப் புதியதை இட்டு, உரிய பள்ளத்தில் பொருந்தச் செய்து பூட்டு வளையத்தை இறுக்குக. இறுதியாக, அளந்த பெட்ரோலை ஊற்றி, முள் அதற்கேற்ப ஏறுகிறதா என்றும், கசிவு உண்டா என்றும் காணுக. இவ்விறுதிச் சோதனையின்றி வேலை முடிந்ததாகாது.

‘ஓடிய மைலைக் கணக்கிட்டால் போதுமே’ என்பர் சிலர். கசிவையும் களவையும் மைல்கணக்கு காட்டுமோ?

தொழிலாளியை மட்டும் குறை கூறுதல் நியாயமன்று. அன்று, ‘வண்டி எப்பொழுது கிடைக்கும்?’ என்று கால்மணிக்கொருமுறை அவசரப்படுத்தியவனும், கூலியில் பேரம் பேசியவனும் நானே. சோதனைக்கு வேண்டிய அரைமணி நேரத்தை அவர்க்கு நான் அளித்தேனில்லை. நல்ல வேலையை விரும்புவோர் அதற்குரிய காலத்தையும் கூலியையும் கொடுத்தல் கடன்.

நம் கல்லூரி ஆராதனைகளில் பத்துக் கன்னிகைகளின் உவமையைப் பலகால் கேட்டிருக்கிறோம். விளக்கேந்திப் புறப்பட்ட அவர்களுள் புத்தியில்லாத ஐவர் தம் எண்ணெயின் அளவைக் கருதாது சென்று, கதவடைப்பிற்கு ஆளாயினர். நண்பர்காள், பயணம் புறப்படுமுன் நம் பாத்திரத்தில் உள்ளதை உள்ளபடி அறிவோமாக.