பாட்டும் சவரக்கத்தியும்

திகிற்படமொன்றைக் காணும் ஆவலிற் காசு கொடுத்து உள்ளே சென்றவர்கள், கதாநாயகன் வாய்திறந்து பாடத் தொடங்கியதும் எழுந்து வெளியேறினார்களாம்! 2008ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் இங்கிலாந்துப் படமாளிகைகளில் நிகழ்ந்தது இது. படத்தின் பெயர் 'ஸ்வீனி ரொட்'. எழுந்து போனதோடு எல்லாரும் அமைந்துவிடவில்லை. விளம்பரம் தம்மை ஏமாற்றிவிட்டதென்று, விளம்பரங்களைக் கண்காணிக்கும் சபைக்கு முறையீடும் செய்தனர் சிலர்.

'படத்திற் பாட்டுக் குறைவு' என்று முகஞ்சுளிப்போர் மத்தியில் வளர்ந்த நமக்கு இச்செய்தி வேடிக்கையாகத் தோன்றலாம். ஆயினும் முறையிட்டோர் பக்கத்தில் நியாயம் இல்லாமலில்லை. முன்னோட்டக் காட்சிகளிலே பாட்டு ஏறக்குறைய மறைக்கப்பட்டிருந்தது. சரக்கின் பெயரை மறைத்து விற்பவன், வாங்கியவன் முணுமுணுக்கும்போது கோபிக்கலாமா?

கதை பழையது. 1846-47இல் இலண்டனில் மலிவுவிலைப் பத்திரிகையொன்றிலே தொடராக வெளிவந்தது. 1973இல் கிறிஸ்ரோபர் பொண்ட் அதனை நாடகமாக்கியபோது, வெறுங் கொலைகாரனாயிருந்த நாவிதனுக்குப் பழிவாங்க ஒரு காரணத்தையும் கொடுத்தார். மனைவியின்மேற் கண்வைத்த நீதிபதி அவனை நாடுகடத்துகிறான். அவன் பதினைந்து ஆண்டுகளின் பின் திரும்பி வருகிறான். அந்நாடகத்துக்கு ஸ்ரீபன் சொன்ட்ஹைம் இசை வகுக்க, 1979இல் நியூயோர்க் மேடையேறியது. 2007இல் அதைத் திரைக்குக் கொண்டுவந்தவர் ரிம் பேர்ட்டன். நாவிதனாக ஜோனி டெப். கீழ்த்தளத்திலே மாவுக்குள் இறைச்சி பொதிந்து சுட்டு விற்கும் பெண்ணாக ஹெலனா பொன்ஹம் கார்ட்டர். அவ்விறைச்சி எங்கிருந்து வந்ததென்பதை ஞாயிறு காலையிற் கூற நாம் விரும்பவில்லை.

இசைப்பிரியர்களின் மனக்குறை வேறு. டெப் பயின்ற பாடகரல்லர். குரல் மெலிந்தது என்றார்கள். மேடையிலே கூட்டமாக நின்று கதைசொல்லும் பாடற்குழு படத்தில் இல்லை. இந்த இரண்டாவது குறையை நாம் பெரிதாகவே கருதுகிறோம். 'இது கதைதான், அஞ்சாதே' என்று பார்ப்போனுக்கு நினைவூட்ட அங்கு ஒரு கூட்டம் இருந்தது. திரையிலோ அத்துணை கிடையாது. கமராவோ கழுத்தருகே போய் நிற்கிறது. நகரம் முழுவதும் சாம்பல் நிறமாயிருக்க, இரத்தம் ஒன்றே செக்கச்செவேலெனப் பீறிடுகிறது. சொன்ட்ஹைம் இப்படத்தை மனமுவந்து ஏற்றாரென்பதையும் சொல்லவேண்டும்.

பார்த்தோர் பலரை உலுக்கிய இடம் ஒன்றுண்டு. பிரிந்துபோன மகளை எண்ணி நாவிதன் பாடுகிறான். தாலாட்டுப்போல மிருதுவான மெட்டு. பாடிக்கொண்டே, நாற்காலியில் வந்தமர்ந்தவர்களின் கழுத்தை ஒவ்வொன்றாக அறுக்கிறான். குரலில் நடுக்கமில்லை, கோபமுமில்லை. கண்ணை மூடிக்கொண்டவர்களுக்கும் பாட்டுக் கேட்டுக்கொண்டேயிருக்கும். அது இனிமையாகவும் இருக்கும். அதை இரசித்துவிட்டோமே என்ற கூச்சத்துக்கு விளம்பரச் சபை என்ன பரிகாரம் கூறமுடியும்? 'இரத்தம் வேண்டும், பாட்டு வேண்டாம்' என்று எழுந்து போனவர்கள் உண்மையில் இப்படத்தின் கொடிய பகுதியிலிருந்துதான் தப்பிப் போனார்கள் என்பது நம் எண்ணம்.

பரிசளிப்போர்பாடும் திண்டாட்டந்தான். 'இசைப்படம் அல்லது நகைச்சுவைப்படம்' என்ற பிரிவில் இதற்கே கோல்டன் குளோப் பரிசு கிடைத்தது! நீதிபதியாக நடித்த அலன் றிக்மன் 2016இலும், சொன்ட்ஹைம் 2021இலும் காலமாயினர்.

முடிவை நாம் கூறோம். படத்தைப் பாராதோர் வைவர். பார்க்க எண்ணும் நேயர்கள் இரவுணவுக்கு முன்னரா, பின்னரா என்பதைத் தத்தம் வயிற்றைக் கேட்டுத் தீர்மானித்துக்கொள்ளட்டும். இங்கிலாந்திலே பதினெட்டு வயதுக்குக் குறைந்தோருக்கு இப்படத்துக்கு அனுமதியில்லை. பாட்டுப் படந்தானேயென்று சிறுவர்களை அருகில் இருத்திவிடாதீர்கள்.