மூடிய அறையில் ஐந்து பேர்!

வீட்டில் ஏர்கண்டிஷன் மிஷின் ஒன்றுதான். அதுவும் ஓர் அறையில்தான் இருக்கிறது. கோடை வந்துவிட்டால், வீடு முழுவதும் அந்த ஓர் அறைக்குக் குடிபுகுந்துவிடும்!

அப்பா, அம்மா, பாட்டி, குழந்தைகள் இருவர். ஆக, 5 பேர். கட்டிலில் மூவர். தரையில் பாய் விரித்து இருவர்.

ஜன்னலை மூடியாகிவிட்டது. கதவையும் சாத்தியாகிவிட்டது. "குளிர் வெளியே போய்விடுமே!" என்று, கதவின் அடியில் பழைய துண்டு ஒன்றைச் சுருட்டி வைத்து அடைத்தும் ஆகிவிட்டது.

பொழுது விடிகிறது.

பாட்டிக்குத் தலை பாரம். பெரியவனுக்குத் தூங்கி எழுந்தும் தூக்கம் தெளியவில்லை. சின்னவளுக்கு நேற்று இருந்த சளி, இன்று அண்ணனுக்கும் வந்துவிட்டது. "மிஷின் காற்று உடம்புக்கு ஆகாது" என்கிறாள் பாட்டி.

பாட்டி சொல்வதில் பாதி உண்மை. குற்றம் மிஷினிடம் இல்லை. மூடிய கதவிடம் இருக்கிறது.

மிஷின் என்ன செய்கிறது?

சுவரில் மாட்டிய மிஷின், வெளியில் இருந்து நல்ல காற்றைக் கொண்டு வந்து, குளிர வைத்து, உள்ளே விடுகிறது என்று பலர் எண்ணிக்கொண்டு இருக்கிறார்கள்.

அது தவறு.

மிஷினில் இருந்து வெளியே போகும் செம்புக் குழாய்கள் இரண்டும் காற்றுக் குழாய்கள் அல்ல. குளிர வைக்கும் திரவமும் வாயுவும் போய் வரும் குழாய்கள். பெரும்பாலான மிஷின்கள், அறையில் உள்ள காற்றையே இழுத்து, குளிர வைத்து, அதே அறைக்குள் விடுகின்றன. இரவு முழுவதும், சுற்றிச் சுற்றி, அதே காற்றுதான்!

ஒருவர் விட்ட மூச்சை மற்றவர் இழுக்கிறார். 5 பேரும் இப்படியே விடியும் வரை.

"அப்படியானால் பிராண வாயு தீர்ந்துவிடுமா?" என்று கேட்கலாம்.

தீராது. பயப்பட வேண்டாம். காற்றில் 100-க்கு 21 பங்கு பிராண வாயு. ஐந்து பேர் ஓர் இரவில் மூச்சு விட்டு அதைத் தீர்த்துவிட முடியாது. கூடுவது வேறு ஒன்று: கரியமில வாயு.

வெளிக்காற்றில், 10 லட்சம் பங்குக்கு ஏறக்குறைய 420 பங்குதான் கரியமில வாயு. மனிதன் வெளியே விடும் மூச்சில் ஏறக்குறைய 40 ஆயிரம் பங்கு! 10 அடிக்கு 12 அடி உள்ள மூடிய அறையில் 5 பேர் படுத்தால், மூன்று மணி நேரத்தில் அறைக்காற்றில் இந்தக் கணக்கு ஏறக்குறைய மூவாயிரத்தை எட்டிவிடும்.

மூவாயிரம் ஆளைக் கொல்லும் அளவு அல்ல. ஆனால், தலை கனக்கும். தூக்கம் கெடும். அது மட்டும் அல்ல. கரியமில வாயு கூடிவிட்டது என்றால், மற்றவர் விட்ட மூச்சு அறையில் கூடிவிட்டது என்று பொருள். மூச்சோடு சளிக்கிருமியும் வரும். காசநோய்க் கிருமியும் வரும். அதனால்தான் ஒருவருக்கு வந்த காய்ச்சல் வீடு முழுவதையும் சுற்றுகிறது.

இந்தக் கணக்கு புதியது அல்ல. ஜெர்மனியில் மியூனிக் நகரில் மாக்ஸ் வான் பெட்டன்கோபர் என்ற அறிஞர் இருந்தார். வீட்டுக் காற்றை அளந்து பார்த்தவர் அவர். மக்கள் வாழும் அறையில் கரியமில வாயு ஆயிரம் பங்கைத் தாண்டக்கூடாது என்று 1858-ம் ஆண்டிலேயே சொன்னார். அப்போது ஏர்கண்டிஷன் ஏது? குளிருக்குப் பயந்து அந்த ஊரார் கதவை மூடினார்கள். வெயிலுக்குப் பயந்து இந்த ஊரார் மூடுகிறார்கள்!

தலைக்கு எவ்வளவு?

மிஷின் வாங்கப் போனால் கடைக்காரர் முதலில் கேட்பது, "ரூம் எத்தனை அடி?" என்றுதான். குளிருக்கு அந்தக் கேள்வி சரி. காற்றுக்கு அது போதாது. "எத்தனை பேர் படுப்பீர்கள்?" என்று கேட்க வேண்டும். யாரும் கேட்பது இல்லை.

கணக்கு மிகவும் எளிது.

ஓர் அடி நீளம், ஓர் அடி அகலம், ஓர் அடி உயரம் உள்ள பெட்டியில் அடங்கும் காற்று, ஒரு கன அடி. தூங்கும் ஒருவருக்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய 15 கன அடி வெளிக்காற்று வந்துகொண்டே இருந்தால், பெட்டன்கோபர் சொன்ன ஆயிரத்தை ஒட்டியே நிற்கலாம்.

இருவர் படுத்தால் 30 கன அடி. ஐவர் படுத்தால் 75 கன அடி. அறை பெரிதா, சிறிதா என்பது இதில் இரண்டாவது பேச்சுதான். பெரிய அறையில் காற்று கெட இன்னும் கொஞ்ச நேரம் ஆகும். அவ்வளவே.

கடையில் விசிறிப் பெட்டியின் மேல் வேறு கணக்கு அச்சிட்டு இருப்பார்கள். ஒரு மணிக்கு இத்தனை கன மீட்டர் என்று. குழம்ப வேண்டாம். நிமிடக் கணக்கில் உள்ள கன அடியை 1.7-ஆல் பெருக்கினால், மணிக் கணக்கில் கன மீட்டர் வந்துவிடும். 75 கன அடி என்றால் 128 கன மீட்டர். விசிறியின் அங்குலத்தைப் பார்த்து வாங்கக்கூடாது. இந்த எண்ணைப் பார்த்து வாங்க வேண்டும். குழாய் வைத்து, அதில் வளைவும் வைத்து, வலையும் போட்டால், அச்சிட்ட அளவு அப்படியே கிடைக்காது. ஆகையால், கொஞ்சம் கூடுதலாகவே பார்த்து வாங்குவது நல்லது.

உள்ளே ஒன்று, வெளியே ஒன்று

பலர் செய்யும் பிழை இங்கேதான். எக்ஸாஸ்ட் பேன் ஒன்றை மாட்டிவிட்டு, "காற்றோட்டம் வந்துவிட்டது" என்று இருந்துவிடுகிறார்கள்.

காற்று உள்ளே வர வழி இல்லாவிட்டால், வெளியே போவது எப்படி? மூடிய பாட்டிலை எவ்வளவு உறிஞ்சினாலும் கொஞ்சம்தானே வரும்! விசிறி சுற்றும். சத்தம் வரும். காற்று நகராது.

ஆகவே, வழி இரண்டு வேண்டும். இரண்டும் அறையின் எதிர் எதிர்ப் பக்கத்தில் இருக்க வேண்டும். அருகருகே இருந்தால், வந்த காற்று வந்த வேகத்தில் போய்விடும். படுத்திருப்பவருக்குக் கிடைக்காது.

அறையோடு சேர்ந்த குளியல் அறை இருந்தால் வேலை சுலபம். அங்கே உள்ள எக்ஸாஸ்ட் பேனை இரவில் மெதுவாக ஓட விடலாம். குளியல் அறைக் கதவின் அடியில் முக்கால் அங்குல இடைவெளி வேண்டும். படுக்கை அறையின் வெளிச்சுவரில், எதிர்ப் பக்கத்தில், காற்று வரும் துளை ஒன்று வேண்டும்.

அந்தத் துளையை எங்கே போடுவது? சாலைப் பக்கம் வேண்டாம். ஜெனரேட்டர் அருகில் வேண்டாம். கழிவுத் தொட்டியின் காற்றுக் குழாய் அருகில் வேண்டவே வேண்டாம். அடுத்த வீட்டு அடுப்பங்கரைப் புகை வரும் இடமும் ஆகாது. சொந்த வீட்டு எக்ஸாஸ்ட் பேனுக்கும் அதற்கும் 10 அடி தூரமாவது இருக்கட்டும்.

குழாய் 4 அங்குலம் வைத்தால் காற்று சீறும். தூக்கம் கெடும். 75 கன அடிக்கு 6 அங்குலக் குழாயே நல்லது. குழாய் வெளிப்பக்கமாகச் சற்றுச் சரிந்து இருக்க வேண்டும். இல்லாவிட்டால், ஐப்பசி மழை படுக்கைக்கே வந்துவிடும்! வெளி வாயில் கொசுவலை, உள்பக்கம் தூசு வடிகட்டி. இரண்டையும் மாதம் ஒருமுறை கழற்றிப் பார்க்க வேண்டும். தூசு அடைத்த வலை, மூடிய ஜன்னலுக்குச் சமம்.

வேலை முடிந்ததும் மேஸ்திரியை உடனே அனுப்பிவிடக்கூடாது. ஒரு ஊதுவத்தியைக் கொளுத்தி, துளையின் அருகே பிடிக்க வேண்டும். புகை அறைக்குள் வளைந்து வந்தால் காற்று வருகிறது. நேராக மேலே போனால், எங்கோ அடைப்பு இருக்கிறது.

மின்சார பில் ஏறாதா?

ஏறும். இதை மறைப்பதில் பயன் இல்லை.

சென்னை போன்ற கடற்கரை ஊரில் வெளிக்காற்று சூடானது மட்டும் அல்ல, ஈரமானது. புழுக்கமான இரவில், 75 கன அடி வெளிக்காற்றைக் குளிர வைத்து ஈரத்தையும் பிழிய, ஒரு டன் மிஷினின் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விடும். ஐந்து பேர் படுக்கும் அறைக்கு மிஷின் வாங்கும்போதே, இதைச் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும்.

இதற்கும் ஒரு பெட்டி வந்திருக்கிறது. ஈ.ஆர்.வி. என்று கடைக்காரர்கள் சொல்கிறார்கள். அதில் இரண்டு விசிறிகள். ஒன்று கெட்ட காற்றை வெளியே தள்ளும். மற்றொன்று நல்ல காற்றை உள்ளே இழுக்கும். இரண்டு காற்றும் மெல்லிய தாள் அடுக்குகளின் இரு பக்கமாகப் போகும். ஒன்றோடு ஒன்று கலக்காமல், போகும் குளிர்ந்த காற்று வரும் சூட்டையும் ஈரத்தையும் வாங்கிக்கொண்டு போய்விடும். மிஷினின் கூடுதல் வேலையில் பாதிக்கு மேல் மிச்சம். ஆனால் விலை அதிகம். எல்லோராலும் வாங்க முடியாது.

வாங்க முடியாதவர்கள் என்ன செய்வது?

முதலில் அந்தத் துண்டை எடுக்க வேண்டும்! ஹாலில் ஒரு ஜன்னலைத் திறந்து, வலை போட்டு, படுக்கை அறைக் கதவை ஒரு சாண் திறந்து வைக்கலாம். மிஷினை 24-க்குப் பதில் 27-ல் வைத்து, மேலே மின்விசிறியையும் சுற்ற விட்டால், குளிர் குறைந்தது தெரியாது. படுக்கும் முன் பத்து நிமிடம் எல்லாவற்றையும் திறந்து வைப்பதும் நல்லதுதான். ஆனால், அது கொஞ்ச நேரத்துக்கே காணும். அறையில் செடி வைத்தால் போதும் என்று சிலர் சொல்வார்கள். இரவில் செடியும் மூச்சு விடுகிறது!

அடுப்பங்கரை

இங்கே ஆள் கணக்கு இல்லை. புகைக் கணக்கு. எட்டுக்கு எட்டு அடி, 10 அடி உயரம் உள்ள சமையல் அறையில் 640 கன அடி காற்று இருக்கும். மணிக்கு 15 முறை அது மாற வேண்டும் என்றால், நிமிடத்துக்கு 160 கன அடி. மிளகாய் தாளிக்கும் வீட்டில் இதற்குக் குறைத்து வைப்பதில் பொருள் இல்லை. விசிறி அடுப்புக்கு மேலே, உயரத்தில் இருக்கட்டும். அடுப்பை அணைத்த பிறகும் பத்து நிமிடம் ஓடட்டும்.

ஆளைக் கொல்லும் வாயு

இதுவரை சொன்னது தலைவலிக் கணக்கு. இனிச் சொல்வது உயிர்க் கணக்கு.

கார்பன் மோனாக்சைடு என்று ஒரு வாயு. கரியமில வாயு வேறு, இது வேறு. கேசோ, கரியோ சரியாக எரியாதபோது வருவது. நிறம் இல்லை. மணம் இல்லை. மயக்கம் வருவதற்குள் எழுந்து ஓடவும் உடம்பில் தெம்பு இருக்காது.

குளியல் அறைக்குள் கேஸ் கீசர் மாட்டி, ஜன்னலையும் மூடிக்கொண்டு குளிக்கப் போனவர்கள் பிணமாக வந்திருக்கிறார்கள். ஊட்டி, கொடைக்கானல் போன்ற குளிர் இடங்களில், கரி அடுப்பைப் படுக்கை அறையில் வைத்துக் கதவை மூடிக்கொண்டு படுத்தவர்கள் காலையில் எழுந்திருக்கவில்லை.

கேஸ் கீசரை வெளிச்சுவரில்தான் மாட்ட வேண்டும். உள்ளே கீசர் இருக்கும் வீட்டில், பலமான எக்ஸாஸ்ட் பேன் இன்னும் ஆபத்து. வெளியே போக வேண்டிய புகையை அது திரும்ப உள்ளே இழுத்துவிடும். "விசிறிதான் இருக்கிறதே!" என்ற தைரியம் இங்கே உதவாது. கரி அடுப்புக்கோ படுக்கை அறையில் இடமே இல்லை.

சுவரில் ஒரு துளை

தமிழில் காற்றுக்கே நாலு பெயர். தெற்கே இருந்து வந்தால் தென்றல். வடக்கே இருந்து வந்தால் வாடை. கிழக்கே கொண்டல். மேற்கே கோடை. காற்றின் திசை பார்த்து வீடு கட்டினார்கள். நடுவில் முற்றம் வைத்தார்கள். சூடான காற்று முற்றத்தின் வழியாக மேலே போகும். திண்ணைப் பக்கத்துக் காற்று உள்ளே வரும். அந்த வீட்டிலும் குறை உண்டு. விறகுப் புகையில் தாய்மார்கள் கண் எரிந்தது அங்கேதான். ஆனாலும், படுத்தவருக்குக் காற்று இருந்தது.

இன்று அடுக்கு மாடியில் முற்றம் வைக்க முடியாது. புழுக்கமான ஊர்களில், தரைப் பரப்பில் ஆறில் ஒரு பங்கு ஜன்னல் திறப்பு வேண்டும் என்கிறது தேசிய கட்டட விதித்தொகுப்பு. நல்ல விதி. ஆனால், இரவு 10 மணிக்கு அந்த ஜன்னலை மூடிவிடுகிறார்களே! வரைபடத்தில் இருக்கும் ஜன்னல், தூங்கும் குழந்தைக்குக் காற்றுக் கொடுக்குமா?

மிஷினுக்கு என்று சுவரில் துளை விட்டு, தனி மின்சார லைனும் இழுத்துக் கொடுக்கும் வீடு கட்டுவோர், காற்றுக்கும் ஒரு துளை விட்டால் என்ன? விற்கும் கடைக்காரர்களும், மிஷினோடு சேர்த்து இதைச் சொல்லித்தான் விற்க வேண்டும். நகராட்சியும் மாநகராட்சியும் பிளான் பார்க்கும்போது, ஜன்னலைக் கேட்பது போல் இதையும் கேட்க வேண்டும்.

புது வீடு கட்டுகிறவர்கள் அதற்காகக் காத்திருக்க வேண்டியது இல்லை. சுவர் எழும்பும்போதே மேஸ்திரியிடம் சொல்லி, ஒவ்வொரு படுக்கை அறையின் வெளிச்சுவரிலும் 6 அங்குல பி.வி.சி. குழாய்த் துண்டு ஒன்றைச் சரிவாக வைத்துவிடலாம். விசிறி பிறகு வாங்கலாம். அதுவரை இரு பக்கமும் மூடி போட்டு வைக்கலாம். பூச்சு வேலை முடிந்த பிறகு துளை போட, தனி மிஷின் வேண்டும். தனி ஆள் வேண்டும். வீடு முழுக்கத் தூசு. இப்போது போட்டால், ஒரு துண்டுக் குழாயின் விலைதான்.