நிறத்தோடு எண்ணும் வேண்டும்

தில்லி மெட்ரோவின் முதல் வண்டி 2002ஆம் ஆண்டின் இறுதியில் சாதராவிலிருந்து தீஸ் ஹசாரி வரை ஓடியது. அன்று இருந்தது ஒரே தடம். இன்று சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை, ஊதா, இளஞ்சிவப்பு, மெஜந்தா, சாம்பல் எனத் தடங்கள் பெருகிவிட்டன. மக்களும் அவற்றை நிறத்தாலேயே அழைக்கின்றனர்.

இவ்வழக்கத்தின் பயன் பெரிது. பிழைப்புக்காகத் தில்லிக்கு வந்து இறங்கும் ஒருவர் இந்தியோ ஆங்கிலமோ படிக்க அறியாதவராக இருக்கலாம். “மஞ்சள் தடத்தில் ஏறி, ராஜீவ் சௌக்கில் நீலத் தடத்திற்கு மாறுங்கள்” என்று யாரேனும் சொன்னால் போதும். அவர் வழியைக் கண்டுகொள்வார். எழுத்தால் இயலாத உதவியை நிறம் செய்கிறது.

ஆயினும், நிறத்தை மட்டுமே நம்பியிருப்பது முறையன்று. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாத பார்வை சிலருக்குப் பிறவியிலேயே அமைகிறது. பெண்களைவிட ஆண்களிடம் இது மிகுதி. அத்தகைய மாணவன் இந்தர்லோக் நிலையத்தில் இறங்கினால் என்ன செய்வான்? அங்குச் சந்திப்பவை சிவப்புத் தடமும் பச்சைத் தடமுமே! குறையற்ற பார்வை உடையோருக்கும் இடர்ப்பாடு உண்டு. லாஜ்பத் நகரில் ஊதாவும் இளஞ்சிவப்பும் சந்திக்கின்றன. கால்காஜி மந்திரில் ஊதாவும் மெஜந்தாவும் சந்திக்கின்றன. மங்கிய அச்சில் இவற்றை வேறுபடுத்துவது எளிதன்று. தமிழர் வீடுகளிலோ இளஞ்சிவப்பும் மெஜந்தாவும் ‘ரோஸ்’ என்னும் ஒரே சொல்லில் அடங்கிவிடும்!

டோக்கியோ நகரம் இதற்கு நல்ல வழி கண்டது. அங்குச் சுரங்கத் தடங்களுக்கு நிறத்தோடு ஓர் எழுத்தும், நிலையங்களுக்கு எண்ணும் 2004இல் வழங்கப்பட்டன. கின்சா தடத்தில் சிபுயா நிலையம் ‘ஜி 01’. மறுமுனையாகிய அசாகுசா ‘ஜி 19’. சப்பானிய மொழி அறியாதவரும் எண் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்த்தே தாம் செல்லும் திசையை உணரலாம். இறங்க இன்னும் எத்தனை நிலையங்கள் உள்ளன என்றும் கணக்கிடலாம்.

தில்லியின் தடங்களுக்கும் எண்கள் உண்டு. சிவப்புத் தடம் 1, மஞ்சள் தடம் 2. ஆனால், பயணிகளின் பேச்சில் அவை இன்னும் இடம்பெறவில்லை. வரைபடத்திலும் வழிகாட்டிப் பலகையிலும் நிற வட்டத்தின் நடுவே அந்த எண்ணைப் பெரிதாகப் பொறித்தல் வேண்டும். அறிவிப்பிலும் நிறத்தையும் எண்ணையும் சேர்த்தே சொல்லுதல் வேண்டும். நீலம், பச்சை என்னும் இரு தடங்களோடு தொடங்கிய சென்னை மெட்ரோவிலும் புதிய தடங்கள் உருவாகி வருகின்றன. அங்குப் புதிய பலகைகளை எழுதும்போதே எண்ணையும் சேர்த்துவிடலாம்.