ஒரே டென்ட், இரண்டு பேர், கொஞ்சம் தனிமை

பெக்கோ ட்ரெயிலில் நடக்க வரும் ஜோடிகளை இப்போதெல்லாம் நம் தோட்டப் பாதைகளில் அடிக்கடி காண்கிறோம். கண்டி ஹந்தானையில் தொடங்கி கொட்டகலை, நோர்வூட், பொகவந்தலாவை, டயகம என்று சுற்றி நுவரெலியாவில் முடியும் பாதை அது. 22 கட்டங்கள், 300 கிலோமீற்றருக்கு மேல். நம் பிள்ளைகளும் கலியாணம் முடித்த கையோடு டென்ட் வாங்கத் தொடங்கிவிட்டார்கள். சந்தோஷம்தான்.

ஆனால் அந்த ஜோடியில் ஒருவர் மட்டும் தனியாக வந்தால் நாம் என்ன கேட்கிறோம்? "என்ன, ரெண்டு பேருக்கும் சண்டையா?" வந்தது பெண் என்றால், "மாப்பிள்ளை எங்கே?" என்றும் சேர்த்துக் கேட்கிறோம்.

கொஞ்சம் யோசித்துப் பார்ப்போம். வீட்டில் இருக்கும்போது பாடசாலை, கடை, அலுவலகம் என்று வேலையே நம்மைத் தினமும் எட்டு மணித்தியாலம் பிரித்து வைக்கிறது. அதை நாம் உணர்வதுகூட இல்லை. மாதக்கணக்கான பயணத்தில் அந்த இடைவெளி இல்லாமல் போகிறது. எங்கே டென்ட் அடிப்பது, எதைச் சமைப்பது, எப்போது கிளம்புவது என்று எல்லாவற்றுக்கும் இருவரும் ஒத்துப்போக வேண்டும். அதுவும் ஹட்டன் பக்கத்துத் தென்மேற்குப் பருவமழையில், ஈரக் காலுறையோடு!

மரீனா அப்ரமோவிச், உலாய் என்ற கலைஞர் ஜோடி சில ஆண்டுகள் ஒரு வேனிலேயே வாழ்ந்து ஐரோப்பாவைச் சுற்றினார்கள். 1988இல் சீனப் பெருஞ்சுவரின் இரு முனைகளிலிருந்தும் ஆளுக்கொரு பக்கமாக நடந்து வந்து, சந்தித்த இடத்திலேயே பிரிந்தார்கள். முதலில் அது கலியாணத்தில் முடிவதாகத்தான் திட்டமிட்ட நடை.

இதைப் புரிந்துகொள்ள நாம் சீனாவுக்குப் போகத் தேவையில்லை. 10 அடிக்கு 12 அடி லயன் அறையில் குடும்பமே வாழ்ந்தவர்கள் நம் மலையக மக்கள். பீலிக்கரையில் கிடைத்த அரை மணி நேரம் எவ்வளவு பெரிய ஆறுதல் என்று நம் பெண்களைக் கேட்டால் சொல்வார்கள். வயிற்றுப்பாட்டுக்காக ஒருவர் கொழும்புக் கடைக்கோ மத்திய கிழக்குக்கோ போய் ஆண்டுக்கணக்கில் பிரிந்திருந்தால் அதை இயல்பு என்கிறோம். இருவர் விரும்பி ஒரு காலைப்பொழுது தனியாக இருந்தால் மட்டும் சண்டை என்கிறோம். இது என்ன நியாயம்?

கிளம்பும் பிள்ளைகளுக்கும் சில வார்த்தை. தனிமை வேண்டும் என்பதைக் கோபம் வருவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். கோபத்தில் சொன்னால் அது தண்டனையாகத்தான் கேட்கும். பிரிந்திருக்க நகரத்து நாட்களைத் தெரிவு செய்யுங்கள். பனிமூட்டமும் சிறுத்தை நடமாட்டமும் உள்ள, போன் சிக்னல் இல்லாத பாதையில் ஒருவரை விட்டுப் போகாதீர்கள். பணமும் சார்ஜரும் இருவரிடமும் தனித்தனியாக இருக்கட்டும். எங்கே, எத்தனை மணிக்குச் சந்திப்பது என்று பேசி வையுங்கள். இருட்டு விழும் முன் சேர்ந்துவிடுங்கள்.

முக்கியமாக, அவர் மலையேறிப் போக, அவள் டென்டுக்குக் காவல் இருந்து சோறு ஆக்கினால் அது அவளுக்குத் தனிமை ஆகாது. இன்று அவர் போனால், நாளை அவள் போகட்டும், சமையல் அவருடையது.

நம் பங்குக்கும் ஒன்று உண்டு. அடுத்த முறை ஒரு பெண் பையை இறக்கி வைத்து, கடை வாங்கில் தனியாக உட்கார்ந்தால், ஒரு பிளேன்டீயைக் கொடுத்து, பாதை கேட்டால் வழி சொல்வோம். மாப்பிள்ளையைப் பற்றிக் கேட்காமல் விடுவோம்.