கறுப்பு எண்டால் காட்டமா?

எங்கட குழுவில் ஒருவரின் அப்பப்பா சுருட்டுக் கொட்டிலில் வேலை செய்தவர். இலையைத் தொட்டு, மணந்து பாத்தே "இது இன்னும் பாடமாகேல்லை" எண்டு சொல்லிப்போடுவாராம். 'செரூட்' எண்ட ஆங்கிலச் சொல்லே எங்கட 'சுருட்டு' என்பதிலிருந்து போனதுதான். அப்படியான ஊரில பிறந்த நாங்கள், லீவில வந்த நண்பர் கறுத்த இலை சுற்றின சிகார் ஒன்றை நீட்டினவுடன் எல்லாருமாச் சொன்னது ஒரே வசனம்: "இது சரியான காட்டமா இருக்கும்." அந்த வசனம் பிழை என்பதுதான் இந்தக் கட்டுரை.

அவர் கொண்டு வந்தவை இரண்டு. இரண்டும் நிக்கரகுவாப் புகையிலையில் செய்யப்படும் பாட்ரோன் 1964 ஆனிவர்சரி. நீளம் ஐந்தரை அங்குலம், விட்டம் ஒரு அங்குலத்தின் 64இல் 50 பங்கு. சதுரமாக அமத்தின வடிவம். ஒன்று வெளிர் மண்ணிற இலை, மற்றது 'மதுரோ' எனப்படும் கறுத்த இலை. காதுக்கு 'மதுரம்' மாதிரிக் கேட்டாலும் உறவு ஒண்டுமில்லை. ஸ்பானிய மொழியில் 'பழுத்தது' என்று பொருள்.

பெயருக்கேற்ற மாதிரித்தான் அந்த நிறமும் வருகிறது. தடித்த இலைகளைக் குவித்து, சூடும் ஈரமும் உள்ளுக்குள்ளேயே நிற்க, சாதாரண இலையை விடக் கூடின காலம் புளிக்க விடுகிறார்கள். இலை கறுக்கும், கரகரப்புக் குறையும், ஒரு இனிப்புத் தட்டும். காட்டம் பெரும்பாலும் உள்ளே வைக்கிற இலையில் இருக்கிறது. செடியின் உச்சியில் வெயிலை நிறையக் குடித்து வளர்ந்த இலைக்குத்தான் நிக்கொட்டின் கூட. ஆக, வெளியிலை கறுத்தது என்பது நீண்ட பாடத்தைக் காட்டலாம், பலத்தைக் காட்டாது. சில மலிவுச் சிகார்களில் அதையும் காட்டாது. சாயம் போட்டுக் கறுப்பாக்கியிருப்பார்கள், உதட்டில ஒட்டும்.

இதைச் சோதிக்க ஒரு வேலை செய்தம். இருவரின் கண்ணைக் கட்டி, இரண்டையும் மாறி மாறிக் குடுத்தம். மற்றவர்கள் கொப்பியில் எழுதினம். நிமிசத்துக்கு ஒரு இழுவை, புகை வாயோடு மட்டும். முதல் மூன்றிலொரு பங்கில் ஒருவர் வெளிர் சிகாரைத்தான் "காட்டமானது, மிளகு மாதிரி" என்றார். கறுத்ததுக்கு அவர் சொன்னது: "பால் விடாத கோப்பி, கொஞ்சம் கருகின சக்கரை." மற்றவர் பெரிய வித்தியாசம் இல்லை என்றார். கண்ணை அவிட்ட பிறகு இருவருக்கும் வெக்கம். கண் திறந்திருந்தால் என்ன சொல்லியிருப்பினம் எண்டு எங்களுக்குத் தெரியும்.

எங்கட மதிப்பீடு: கறுத்த சிகார் நல்ல வேலைப்பாடு. எரிவு நேராக வந்தது, இழுவை தடக்கவில்லை, சாம்பல் இறுக்கமாக நின்றது. நடுப்பகுதி மிக நன்று. கடைசிப் பகுதியில் கசப்பு ஏறினது, அங்கேயே நிப்பாட்டினம்.

புள்ளி போடவில்லை. அமெரிக்காவில் 1992இல் தொடங்கிய 'சிகார் அபிசியானாடோ' சஞ்சிகை நூறுக்குப் புள்ளி போடுகிறது. சிகாரின் பட்டியைக் கழற்றித்தான் சுவைக்கக் குடுக்கிறார்கள். அது நேர்மையான முறைதான். ஆனால் பட்டியைக் கழற்றலாம், நிறத்தைக் கழற்ற ஏலாது. தோற்றத்துக்கும் புள்ளி இருக்கிற இடத்தில், எண்ணெய் மினுங்கும் கறுத்த இலை வாயில் வைக்க முதலே ஓட்டத்தில் முன்னுக்கு நிற்கிறது.

இன்னொரு விசயமும் எங்களை உறுத்தினது. கொப்பியைத் திருப்பிப் பாத்தால் கோப்பி, சக்கரை, மிளகு என்று ஏதோ சாப்பாட்டுக்கடை மெனு மாதிரிக் கிடக்குது. புகையிலை என்ற சொல் ஒரு இடத்திலும் இல்லை. சுவையை நுணுக்கமாகச் சொல்லச் சொல்ல, பொருள் மறைந்து போகுது. பெரிய சிகார் ஒன்றில் ஒரு பெட்டி சிகரெட்டளவு புகையிலை இருக்கலாம். உள்ளே இழுக்காவிட்டாலும் நிக்கொட்டின் வாய்த் தோலால் ஏறும், வாய்ப் புற்றுநோயும் தொண்டைப் புற்றுநோயும் வரும். விலை கூடினது என்பதால் இது குறைவதில்லை.

அந்த அப்பப்பா போனதும் வாய்ப் புற்றுநோயில்தான். கடைசி மாதங்களில் கஞ்சியின் உப்புக்கூட அவருக்குத் தெரியவில்லையாம். இலையின் பாடத்தை அவ்வளவு துல்லியமாகச் சொன்ன நாக்கு அது. அவருக்கு ஆரும் புள்ளி போடேல்லை, அவர் சொன்னதை ஒரு கொப்பியிலும் ஆரும் எழுதி வைக்கேல்லை.

புகையிலை விளம்பரத்தை 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் இந்த நாட்டில் தடுக்கிறது. சரியான சட்டம். இதை விளம்பரமாக வாசிக்க வேண்டாம். நாங்கள் கேட்பது இவ்வளவுதான்: சிகாரை மதிப்பிடுகிறவர்கள் நிறத்தை நம்பாமல் நாக்கை நம்பட்டும். சுவையை எழுதுகிற அதே பந்தியில் விலையையும் எழுதட்டும், டொலரில் குடுக்கிற விலையை மட்டுமில்லை.

மிச்சத் துண்டுகளை அணைச்சுப்போட்டம். அடுத்த சிகார் வேண்டாம் எண்டு நண்பருக்குச் சொல்லியிருக்கிறம். அப்பப்பாவோட வேலை செய்த கிழவர்கள் இரண்டு பேர் இன்னும் இருக்கினம். கொப்பியில் மிச்சமிருக்கிற பக்கங்கள் அவைக்கு.